முகம் திருப்பத் தோன்றும் ஓவியங்களுக்கும் மரியாதை

மருத்துவமனைச் சுவர்களில் பெரும்பாலும் மலர்களும் மலைகளும் சிரிக்கும் குழந்தைகளும் இடம்பெறுகின்றன. நோயுற்றோர் மனம் அமைதி பெற வேண்டும் என்னும் நல்லெண்ணமே அதற்குக் காரணம். ஆயினும் படுக்கையில் இருப்பவரே ஒரு தாளையும் எழுதுகோலையும் கையில் எடுக்கும்போது, அங்கே எப்போதும் மலர் மலர்வதில்லை. குழாய்கள் செருகிய உடல், முகமில்லாத மனிதர், தையலிட்ட வயிறு, கதவே இல்லாத அறை என்று, பார்ப்போர் மனத்தைக் கலக்கும் உருவங்களும் வருகின்றன. நாட்குறிப்பிலும் கவிதையிலும் இதே நிலைதான்.

அவற்றைக் காணும் குடும்பத்தார் பதறுவது இயல்பு. "நல்லதாக ஏதாவது வரையக் கூடாதா?" என்று கேட்கிறோம். தாளைத் திருப்பி வைக்கிறோம். வீட்டுக்கு ஆகாது என்று எண்ணிக் கிழித்துப் போடுவதும் உண்டு. அன்பினால் செய்யப்படும் இச்செயல் வரைந்தவருக்கு வேறொரு செய்தியைச் சொல்லிவிடுகிறது: 'உன் வலியை நாங்கள் பார்க்கத் தயாராக இல்லை.' அதன்பின் அவர் வரைவதை நிறுத்திவிடலாம். அல்லது ஒளித்து வைத்துக்கொள்ளலாம். இரண்டிலும் நாம் இழப்பது அவருடைய மனத்துக்குள் செல்லும் ஒரு வழியை.

இத்தகைய படைப்புகளை விரும்பியே ஆக வேண்டும் என்று எவரையும் கட்டாயப்படுத்த இயலாது. ஆனால் விரும்புவது வேறு, மதிப்பது வேறு. நம் மன நிம்மதிக்காக மற்றொருவர் தம் துயரத்தின் வடிவத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று கேளாதிருப்பதே மதிப்பின் முதற்படி. உலகம் போற்றும் மூன்று ஓவியர்களின் வாழ்க்கை இதனைத் தெளிவாகக் காட்டுகிறது. ஒருவர் நோயாளியின் உடன்பிறந்தவர், ஒருவர் நோயாளியே, ஒருவர் மகனை இழந்த தாய்.

தமக்கையின் படுக்கை அருகே

நார்வே நாட்டு ஓவியர் எட்வர்ட் முங்க் 1863ஆம் ஆண்டு பிறந்தவர். 'அலறல்' என்னும் அவருடைய ஓவியத்தைப் பலர் அறிவர். அவருக்கு ஐந்து வயதானபோது தாய் காசநோயால் இறந்தார். 1877ஆம் ஆண்டு, பதினைந்து வயதான தமக்கை சோஃபியையும் அதே நோய் கொண்டுசென்றது. அப்போது முங்குக்கு வயது பதின்மூன்று. தந்தை இராணுவ மருத்துவர். வீட்டிலேயே மருத்துவர் இருந்தும், காசநோய்க்கு அக்காலத்தில் மருந்து இல்லை.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1885இல், முங்க் 'நோயுற்ற குழந்தை' என்னும் ஓவியத்தைத் தொடங்கினார். பெரிய வெண் தலையணையில் சாய்ந்திருக்கும் செம்பட்டைத் தலைமுடிச் சிறுமி. அவள் அருகே தலையைக் கவிழ்த்து அமர்ந்திருக்கும் பெண். அப்பெண்ணுக்கு மாதிரியாக அமர்ந்தவர், தாய் மறைந்தபின் அக்குழந்தைகளை வளர்த்த சிற்றன்னை கேரன். சிறுமியின் முகம் தெரிகிறது. உடனிருப்பவரின் முகம் நமக்குத் தெரிவதில்லை. நோயாளியின் அருகே இரவு முழுவதும் விழித்திருந்த எவருக்கும் அந்தக் குனிந்த தலையின் பொருள் விளங்கும்.

அவ்வோவியத்தை முங்க் பலமுறை வரைந்தார், சுரண்டினார், மீண்டும் வண்ணம் பூசினார். துணியின் மேற்பரப்பில் கீறல்கள் அப்படியே நின்றன. 1886இல் கிறிஸ்டியானியா நகரில், அதாவது இன்றைய ஆஸ்லோவில், அது காட்சிக்கு வைக்கப்பட்டபோது பார்வையாளர்களும் விமர்சகர்களும் எள்ளி நகையாடினர். அரைகுறை ஓவியம் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. அக்காலத்தில் நோய்ப்படுக்கைக் காட்சியை வரைந்த ஓவியர்கள் பலர் இருந்தனர். ஆனால் அவர்கள் அறையின் பொருள்களைத் துலக்கமாகவும், நோயைக் கண்ணியமாகவும் வரைந்தனர். முங்கின் கீறல்கள் அவ்வாறான ஆறுதல் எதையும் தரவில்லை.

முங்க் அந்த ஒரு காட்சியை அதனோடு விட்டுவிடவில்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் அதே காட்சியை ஆறு முறை வண்ணத்தில் வரைந்தார், அச்சோவியங்களாகவும் ஆக்கினார். "இன்னுமா அதையே நினைத்துக்கொண்டிருக்கிறாய்?" என்ற கேள்வியை, உற்றாரை இழந்தவர்கள் நம்மிடையே அடிக்கடி கேட்க நேர்கிறது. கருமாதி முடிந்தது, ஆண்டுத் திதியும் முடிந்தது, இனி மறக்க வேண்டும் என்று கணக்கு வைக்கிறோம். துயரத்துக்கு அந்தக் கணக்கு தெரிவதில்லை. ஒருவர் ஒரே காட்சியை மீண்டும் மீண்டும் வரைகிறார் என்றால், அவர் அங்கேயே சிக்கிக்கொண்டார் என்றுதான் பொருள் கொள்ள வேண்டியதில்லை. ஒவ்வொரு முறையும் சற்று வேறு இடத்தில் நின்று அதனைப் பார்க்கிறார் என்றும் இருக்கலாம்.

இவ்வோவியத்தின் ஒரு பிரதி ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஓவியக் கூடத்தில் இருந்தது. நாஜி ஆட்சியினர் முங்கின் படைப்புகளைச் 'சீர்கெட்ட கலை' என முத்திரை குத்தி 1937இல் தம் அருங்காட்சியகங்களிலிருந்து அகற்றினர். அவ்வாறு வெளியேற்றப்பட்ட அப்பிரதி இன்று இலண்டன் டேட் கலைக்கூடத்தின் உடைமை. கலங்க வைக்கும் கலையை நோய் என்று அழைப்பது எங்கே கொண்டு சேர்க்கும் என்பதற்கு அது ஒரு சான்று.

நோயாளியே ஓவியரானபோது

மெக்சிகோவின் ஃபிரிடா காலோ 1907இல் பிறந்தார். ஆறு வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கி வலக்கால் மெலிந்தது. மருத்துவம் பயிலும் எண்ணத்தோடு படித்துவந்த அவர், 1925 செப்டம்பர் 17ஆம் நாள் பயணம் செய்த பேருந்தின்மீது டிராம் வண்டி மோதியது. இரும்புக் கைப்பிடிக் கம்பி அவர் உடலைத் துளைத்தது. முதுகெலும்பு, இடுப்பெலும்பு, விலா எலும்புகள், வலக்கால் ஆகியவை முறிந்தன. அப்போது வயது பதினெட்டு. படுத்த படுக்கையாய்க் கிடந்த மகளுக்காகத் தாய், படுத்தபடியே வரைவதற்கான தாங்கி ஒன்றைச் செய்வித்தார். கட்டிலுக்கு மேலே ஒரு கண்ணாடியும் பொருத்தப்பட்டது. கண்ணெதிரே இருந்த ஒரே உருவம் தம்முடையது. அதையே வரையத் தொடங்கினார்.

1932 ஜூலையில், அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் அவருக்குக் கருச்சிதைவு ஏற்பட்டது. மருத்துவமனையில் இருந்தபோதே கருவின் வடிவைச் சரியாக வரைய வேண்டி மருத்துவ நூல்களைக் கேட்டார். மருத்துவர்கள் தயங்கினர், கணவர் தியேகோ ரிவேரா ஒரு நூலைக் கொணர்ந்து கொடுத்தார். அதன்பின் உருவான ஓவியத்துக்கு அந்த மருத்துவமனையின் பெயரையே சூட்டினார்: 'ஹென்றி ஃபோர்டு மருத்துவமனை'. குருதி படிந்த விரிப்பின்மேல் ஆடையின்றிப் படுத்திருக்கிறார். கன்னத்தில் பெரியதொரு கண்ணீர்த் துளி. கரு, நத்தை, இடுப்பெலும்பு, ஒரு மலர், ஓர் இயந்திரம், உடற்கூற்று மாதிரி ஆகியவை சிவப்பு இழைகளால் அவர் கையோடு பிணைக்கப்பட்டிருக்கின்றன. கட்டிலோ திறந்த வெளியில், தொலைவில் தெரியும் தொழிற்சாலைகளுக்கு முன்னே, தனியே கிடக்கிறது.

அவ்வோவியம் சிறிய உலோகத் தகட்டின்மீது தீட்டப்பட்டது. மெக்சிகோ மக்கள் விபத்திலிருந்தோ நோயிலிருந்தோ பிழைத்தால், அந்நிகழ்வைத் தகட்டில் வரைந்து, காத்த புனிதருக்கு நன்றியாகத் தேவாலயத்தில் வைப்பர். கை, கால், கண் வடிவில் வெள்ளித் தகடு காணிக்கை செலுத்தும் நம் வழக்கத்துக்கு அது நெருங்கிய உறவு. காலோ அத்தகடுகளைச் சேகரித்தவர். ஆனால் அவர் வரைந்த தகட்டில் காப்பாற்ற வந்த புனிதர் இல்லை. பிழைத்ததற்கு நன்றி கூறும் வடிவத்தை எடுத்து, இழந்ததைச் சொல்ல அதனைப் பயன்படுத்தினார். கருச்சிதைவைப் பற்றிப் பெண்கள் வாய்திறவாத காலம் அது. இன்றும் பல வீடுகளில் அது பேசப்படாத இழப்பே. "அடுத்தது நல்லபடியாகப் பிறக்கும்" என்ற ஒரு வாக்கியத்தோடு பேச்சை முடித்துவிடுகிறோம்.

1944இல் முதுகெலும்பின் நிலை மோசமாகி, இரும்புக் கச்சை அணிய நேர்ந்தபோது 'முறிந்த தூண்' என்னும் ஓவியத்தை வரைந்தார். பிளந்த உடலின் நடுவே, முதுகெலும்பு இருக்க வேண்டிய இடத்தில், பல இடங்களில் வெடித்த கல்தூண்; உடலெங்கும் ஆணிகள்; கண்களில் நீர். ஆனால் அக்கண்கள் நம்மை நேராக நோக்குகின்றன. 'என்னைப் பார்த்து இரங்கு' என்று அவை கெஞ்சுவதில்லை. வலியைப் பத்துக்கு எத்தனை என்று எண்ணால் சொல்லுமாறு நோயாளிகளிடம் கேட்பது மருத்துவமனைகளின் வழக்கம். மருந்தின் அளவைத் தீர்மானிக்க அது தேவையே. ஆனால் எட்டு என்னும் எண் சொல்லாததை அந்த ஆணிகள் சொல்கின்றன.

இரங்கத்தக்க வாழ்க்கை என்பதால் மட்டும் இவ்வோவியங்கள் நிலைக்கவில்லை என்பதையும் கூற வேண்டும். எதை எங்கே வைப்பது, எவ்வண்ணம் இடுவது என்று எண்ணி எண்ணிச் செய்த உழைப்பு அவற்றில் இருக்கிறது. துன்பம் கலையைத் தானாகப் படைத்துவிடுவதில்லை, படைப்பது மனிதர். அந்த உழைப்பைக் காண்பதும் மரியாதையின் ஒரு பகுதியே. நம் உறவினர் வரைந்த தாளைப் பார்க்கும்போதும், "பாவம்" என்பதற்கு முன்னால் "இந்தக் கையை எவ்வளவு நுணுக்கமாக வரைந்திருக்கிறீர்கள்" என்று கூற இடமுண்டு.

மகனை இழந்த தாய்

ஜெர்மானியக் கலைஞர் கேத்தே கோல்விட்ஸ் 1867இல் பிறந்தவர். கணவர் கார்ல், பெர்லினில் உழைப்பாளர் குடும்பங்களுக்கு மருத்துவம் பார்த்தவர். முதல் உலகப்போர் தொடங்கியபோது இளைய மகன் பீட்டருக்குப் பதினெட்டு வயது. படையில் சேரத் தந்தையின் ஒப்புதல் தேவைப்பட்டது. தந்தை மறுத்தார், தாயே அவரிடம் பேசி இசைய வைத்தார். 1914 அக்டோபரில் பெல்ஜியத்தில் பீட்டர் கொல்லப்பட்டான்.

அவ்வாண்டே மகனுக்கு நினைவுச் சிற்பம் எழுப்ப கோல்விட்ஸ் திட்டமிட்டார். முதலில் எண்ணியது மகனின் உருவத்தை. பல ஆண்டுகள் முயன்றும் அது கைகூடவில்லை. 1919இல் அப்பணியைக் கைவிட்டார். பின்னர் மீண்டும் தொடங்கி, 1932இல் அது நிறுவப்பட்டபோது, மகன் அதில் இல்லை. மண்டியிட்ட தந்தை ஒருபுறம், மண்டியிட்டுக் குனிந்த தாய் மறுபுறம். தந்தை தம் கைகளால் தம்மையே இறுக அணைத்திருக்கிறார். இருவருக்கும் இடையே வெற்றிடம். இன்று அச்சிற்பங்கள், பெல்ஜியத்தின் விளாட்ஸ்லோ போர்வீரர் கல்லறைத் தோட்டத்தில், பீட்டரின் கல்லறை இருக்கும் இடத்தில் நிற்கின்றன.

ஒரே இழப்பைச் சுமக்கும் இருவர், ஒருவரையொருவர் தொடாமல் தனித்தனியே மண்டியிட்டிருக்கும் அக்காட்சி குடும்பங்களுக்குப் புதிதன்று. ஒருவர் பேசிப் பேசி அழுவார். மற்றவர் வாய்திறவாமல் வேலையில் மூழ்குவார். ஒருவர் வரைவார், மற்றவரால் அதைப் பார்க்க முடியாது. இவ்விரண்டில் ஒன்று அன்பு, மற்றது அன்பின்மை என்று எண்ணிவிடலாகாது.

படைப்பு நோய்க்குறிப்பு ஆகாது

இதே கோல்விட்ஸ், மகன் உயிரோடிருந்த 1903இலேயே, இறந்த குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்ட தாயின் உருவத்தைச் செதுக்கோவியமாக்கினார். பார்த்தோரை நடுங்கச் செய்யும் படைப்பு அது. ஏழு வயதுப் பீட்டரை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்தே அதனை வரைந்தார். பின்னர் நேர்ந்ததை முன்கூட்டியே வரைந்துவிட்டார் என்று சிலர் எண்ணக்கூடும். அவர் வாழ்ந்த பகுதியில் ஏழைக் குழந்தைகளின் மரணம் அரிதானதன்று என்பதை நினைத்தால் போதும். அச்சத்தையும் பிறர் துயரையும்கூடக் கலை பேசும்.

ஆகவே ஒரு கரிய உருவத்தைக் கண்டவுடன், 'இவருக்கு இதுதான் நேர்ந்திருக்கும்' என்றோ 'மனம் பேதலித்துவிட்டது' என்றோ முடிவு கட்டுவது தவறு. வரைந்தது கெட்ட சகுனம் என்று அஞ்சுவதும் அவ்வாறே. ஓவியத்துக்கு நடப்பதை மாற்றும் ஆற்றல் இல்லை. நடந்ததையும் நடந்துவிடுமோ என்று அஞ்சுவதையும் சொல்லும் ஆற்றல் உண்டு.

இன்பமூட்டுவது மட்டுமே கலை என்று தமிழ் மரபும் கொண்டதில்லை. தொல்காப்பியம் கூறும் எட்டு மெய்ப்பாடுகளில் நகையும் உவகையும் இருப்பதுபோலவே அழுகையும் இளிவரலும் அச்சமும் வெகுளியும் இடம் பெறுகின்றன. இறந்தவர் வீட்டில் ஒப்பாரி வைத்த நம் பாட்டிமார், துயரத்தை மென்மையாக்கிப் பாடியதில்லை. கேட்போரும் "இப்படிப் பாடாதே" என்று தடுத்ததில்லை. தோள்மேல் கைபோட்டு உடன் அமர்ந்தனர்.

உடனிருப்போர் செய்யக்கூடியவை

தாளைப் பார்த்தவுடன் எதையாவது சொல்லியே ஆக வேண்டும் என்ற அவசரம் வேண்டாம். சற்று நேரம் பாருங்கள். பின்பு, "ஏன் இப்படி வரைந்தீர்கள்?" என்பதற்குப் பதிலாக, "இதைப் பற்றிச் சொல்ல விருப்பமா?" என்று கேளுங்கள். முதற்கேள்வியில் குற்றச்சாட்டின் சாயல் இருக்கிறது. இரண்டாவதில் மறுக்கும் உரிமை இருக்கிறது. "இப்போது வேண்டாம்" என்று அவர் கூறினால் அதனோடு விடுங்கள்.

அவர் இசைவின்றி அத்தாளை வந்து போவோருக்குக் காட்ட வேண்டாம். கைப்பேசியில் படமெடுத்து உறவினர் குழுவில் பகிர வேண்டாம். திருத்தவோ, "இங்கே ஒரு சூரியனைப் போடலாமே" என்று சேர்க்கவோ வேண்டாம். குழந்தைகளின் ஓவியங்களுக்கும் இது பொருந்தும்.

பார்க்க இயலாதவர் விலகுவதற்கும் உரிமை உண்டு. உடனிருந்து உடனிருந்து நீங்களும் களைத்திருப்பீர்கள். அந்நோயின் வடு உங்கள் மனத்திலும் இருக்கும். "உங்களுக்கு இது முக்கியம் என்று தெரிகிறது. இன்று என்னால் பார்க்க முடியவில்லை, பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்று கூறுவது பொய்ப் பாராட்டைவிட நேர்மையானது. அதேபோல், பொதுக் கூடத்திலோ பிற நோயாளிகளின் படுக்கை அருகிலோ அத்தகைய படத்தை ஒட்டுமுன் அருகிலிருப்போரின் நிலையையும் எண்ண வேண்டும். ஒருவர் துயரத்துக்குக் காட்டும் மதிப்பு இன்னொருவர் துயரத்தைக் கிளறுவதாக ஆகிவிடக் கூடாது.

வரைவோருக்கும் எழுதுவோருக்கும் ஒரு சொல். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர் சிலர் தொடர்ந்து நான்கு நாள், நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம், தம் வாழ்வின் துயர நிகழ்வுகளை எழுதினர். எழுதி முடித்த உடனே அவர்கள் மனம் கனத்தது. ஆனால் அடுத்து வந்த மாதங்களில் அவர்களுள் உணர்ச்சிகளையும் சேர்த்து எழுதியோர் மருத்துவ மையத்தை நாடியது குறைந்தது. பின்வந்த ஆய்வுகள் இதன் பயன் எல்லோருக்கும் ஒன்றுபோல் இல்லை என்றும், பெரிய அளவினதன்று என்றும் காட்டின. எனவே இது சிகிச்சைக்கு மாற்றாகாது. எழுதிய அன்று மனம் பாரமாயிருந்தால் வியப்படைய வேண்டாம். நாள்கள் கடந்தும் பாரம் கூடிக்கொண்டே போனால் நிறுத்திவிட்டு, உங்களைக் கவனிக்கும் மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ கூறுங்கள்.

மதிப்பது என்பது வாய்மூடி இருப்பதன்று

ஓர் எல்லையைத் தெளிவாகக் கூற வேண்டும். வரைந்தவரோ எழுதியவரோ தம் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை வெளிப்படுத்தினால், விடைபெறுவதுபோல் எழுதினால், அல்லது எவரேனும் தமக்குத் தீங்கு இழைப்பதாகக் காட்டினால், அது கலையா கவலையா என்று ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம். அவரிடம் நேரடியாகவே கேளுங்கள்: "சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா?" கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாகத் தோன்றிவிடாது, பலருக்கு அது சொல்வதற்கு வழி திறக்கிறது. அவரைத் தனியே விடாமல், பணியிலிருக்கும் செவிலியரிடமோ மருத்துவரிடமோ அப்போதே தெரிவியுங்கள். வீட்டில் இருக்கும்போது, இந்திய அரசின் மனநல உதவி எண் 14416ஐ இரவும் பகலும் எந்நேரமும் அழைக்கலாம். தாளைக் கிழிப்பதால் இந்த ஆபத்து நீங்குவதில்லை. தாளைப் பார்த்ததால்தான் உதவி கிடைக்க வழி பிறக்கிறது.

மற்ற நேரங்களில் நம்மிடம் வேண்டப்படுவது மிகச் சிறிது. வீடு திரும்பும் நாளில், மருந்துச் சீட்டு, இரத்தப் பரிசோதனை முடிவுகள், ஸ்கேன் படங்கள் எல்லாவற்றையும் ஓர் உறையில் இட்டு எடுத்துச் செல்கிறோம். நோயின்போது உடலுக்குள் நடந்ததை அவை காட்டுகின்றன. அந்த நாள்களில் மனத்துக்குள் நடந்ததைக் காட்டும் தாளும் ஒன்று இருந்தால், அவரிடம் கேட்டுக்கொண்டு, நாளைக் குறித்து, மடியாமல் அதே உறையில் வையுங்கள்.